ஒரேயொரு கச்சான் பருப்பு 125 கிலோவைக் கெடுக்குமா?

வணக்கம் உறவுகளே! கையில் இருப்பது ஒரு கச்சான் பருப்பு. நிறை அரை கிராம் இருக்கும். இப்படி ஒன்று போதும், 125 கிலோ கச்சானை ஐரோப்பாவுக்குள் நுழையவிடாமல் தடுக்க. நம்பவில்லையா? கணக்குப் போட்டே காட்டுகிறேன், ஓடிவிடாதீர்கள்.

முதலில் வரலாறு, ஒரே மூச்சில். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்த பிரேசில் கச்சான் பிண்ணாக்குதான் காரணம். அதில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சு, அஃப்லடொக்சின். மனிதருக்கு ஈரல் புற்றுநோயைக் கொண்டுவரும். ஹெபடைடிஸ் பி தொற்று இருந்தால் ஆபத்து பல மடங்கு. சரி, வரலாறு முடிந்தது.

இப்போது கணக்கு. நேரடியாக உண்ணும் கச்சானில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் அஃப்லடொக்சின்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை. அமெரிக்கா 20 வரை விடுகிறது. மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் ஆய்வாளர்கள் பார்த்த மிக மோசமான பருப்புகளில், கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற அளவில் நஞ்சு ஏறியிருந்தது! அப்படியென்றால் அரை கிராம் பருப்புக்குள் 500 மைக்ரோகிராம். நாலால் வகுத்துப் பாருங்கள், 125 கிலோ. அதாவது சுமார் இரண்டரை லட்சம் பருப்புகளுக்குள் ஒரேயொரு வில்லன்.

எனக்குப் பிடித்த இடமே இதுதான். ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் விட்டால் முழுக்கக் கலந்துவிடும். ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தாலே பிடித்துவிடலாம். கச்சான் மூட்டையில் அது கலக்காது. ஏதோ ஒரு பருப்புக்குள் ஒளிந்து கிடக்கும். ஒரு பிடி அள்ளிச் சோதித்தால் சிக்கவே சிக்காது. அதனால்தான் ஐரோப்பாவில் பெரிய தொகுதி என்றால் நூறு இடங்களில் எடுத்து, மொத்தம் 20 கிலோ சேர்த்து அரைத்துச் சோதிக்கிறார்கள். 20 கிலோ கச்சான்! நம் ஆட்களுக்குப் பார்த்தாலே வயிறு எரியும். இவ்வளவு செய்தும், ஒரே சரக்கு ஒரு சோதனையில் தேறி அடுத்ததில் தோற்பதும் உண்டு.

இலங்கையில்? 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது, மாதிரி எடுக்க பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், இருக்கிறார். 2021 சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் இதே நஞ்சு சிக்கி நாடே பரபரத்தது நினைவிருக்கும்.

அப்புறம், காலிமுகத்திடலில் சரையில் வாங்கும் கச்சான்? சுடுமணலில் வறுத்தால் பூஞ்சணம் செத்துவிடும், ஆனால் நஞ்சு முழுக்கப் போகாது. அதற்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பூத்தது ஆகியவற்றில்தான் அது இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றைத் தூக்கி எறியுங்கள், காசைப் பார்க்காதீர்கள். புறக்கோட்டையில் மலிவு என்று மூட்டையாக வாங்கி, கொழும்புப் புழுக்கத்தில் மாதக்கணக்கில் வைப்பது வேண்டாம். ஈரம்தான் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.

பீநட் பட்டரில் பொறுக்கி எறியவும் வழியில்லை, கெட்ட பருப்பும் சேர்ந்தே அரைபட்டிருக்கும். அதைத் தயாரிக்கும் ஆலைகளில் நிறம் பார்த்துப் பருப்பைப் பிரிக்கும் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அடுத்த வீடியோ போடவா? கமெண்டில் சொல்லுங்கள், அப்படியே சப்ஸ்கிரைப்பையும் தட்டிவிடுங்கள்.