சாலைக்குக் கோடு போடும் நாளில்

நேயர்களுக்கு வணக்கம்.

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் வழியில் பண்ணாரி சோதனைச் சாவடி இருக்கிறது. சாயங்காலம் 6 மணிக்கு மேல் அங்கே போனால் சரக்கு லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். 9 மணிக்கு மேல் காருக்கும் அதே கதிதான். மேலே திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவுகள், அத்தனையும் புலிகள் காப்பகத்துக்குள். 2022 பிப்ரவரியில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி இந்த இரவுத் தடை நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சமயத்தில், மலைக்கு மேலே இருக்கும் தாளவாடிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஒரு விவசாயி என்னிடம், "காடு வேண்டாம்னு நாங்க சொல்லலீங்க. அறுத்துப் போட்ட முட்டைக்கோசு விடியற வரைக்கும் காத்திருக்குமுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிற்பாடு உள்ளூர் மக்களுக்குச் சில தளர்வுகள் கிடைத்தன. இரவில் சிறுத்தையும் மானும் சக்கரத்தில் அடிபட்டுச் செத்துக் கிடந்த பாதை அது, ஆகவே தடை வேண்டியதுதான் என்பது என் எண்ணம். ஆனாலும் அந்த விவசாயியின் முகம் மனதை விட்டுப் போகவில்லை. சாலையை அகலப்படுத்திய காலத்திலேயே காட்டையும் கணக்கில் எடுத்திருந்தால், இந்தச் சுமை அவர் தலையில் விழுந்திருக்காது.

அப்படிக் கணக்கில் எடுத்த இடமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. கன்னியாகுமரியில் தொடங்கி மதுரை, சேலம், கிருஷ்ணகிரி வழியாக வடக்கே போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நமக்குத் தெரிந்ததுதான். அதே சாலை நாக்பூரைத் தாண்டியதும் பெஞ்ச் காட்டுக்குள் நுழைகிறது. பெஞ்ச் புலிகளும், மத்தியப் பிரதேசத்துக் கானா காட்டுப் புலிகளும் ஒன்றையொன்று தேடிப் போகும் வழி அது. அங்கே நான்கு வழிச்சாலை போட ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. கடைசியில் மகாராஷ்டிரப் பக்கம் 9 இடங்களில் சாலையைத் தூண்கள் மேல் தூக்கிவிட்டார்கள். அதில் நீளமானது 750 மீட்டர். அடியில் மண் தரை அப்படியே கிடக்கிறது. மேலே லாரி போகும், கீழே புள்ளிமான் கூட்டம் நடக்கும். 2019இல் தானியங்கி கேமராக்கள் வைத்துப் பார்த்தபோது, புலி உட்பட 18 வகை விலங்குகள் அந்த வழியைப் பயன்படுத்தியது தெரிந்தது.

இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. விலங்கு ஏற்கெனவே நடக்கிற இடத்திலேயே வழி விட வேண்டும். எதிர்ப்பக்கம் வெளிச்சமாகத் தெரிய வேண்டும், வண்டிகளின் விளக்கும் சத்தமும் கீழே இறங்கக் கூடாது. நமக்கு வசதியான இடத்தில் ஒரு குழாயைப் பதித்துவிட்டு, "யானை ஏன் வரவில்லை?" என்று கேட்டால் யானை என்ன செய்யும்? தாய்வழியாகக் கற்ற தடத்தில்தான் அது வரும்.

நம் பக்கத்தில் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளக் கொடுத்த விலை அதிகம். கோவை மதுக்கரையிலிருந்து வாளையாறு போகும் ரயில் பாதையில், 2021 நவம்பரில் ஒரே இரவில் மூன்று யானைகள் ரயில் மோதி இறந்தன. மண்ணை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மேடு எழும்பி நிற்கும். நடுவில் மாட்டிய யானைக்கு ஏற வழி இருக்காது, தண்டவாளத்திலேயே ஓடும். இப்போது அங்கே தண்டவாளத்துக்கு அடியில் யானைகளுக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து 12 கோபுரங்களில், உடல் சூட்டை வைத்து விலங்கைக் காட்டும் வெப்பக் கேமராக்கள் காவல் காக்கின்றன. யானை தெரிந்தவுடன் ரயில்வேக்குத் தகவல் போகும், ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். கேமராவைப் பார்க்கும் அறையில் உள்ளூர் பழங்குடி இளைஞர்களும் வேலை செய்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அப்புறம் இன்னொரு விஷயம், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சாலை தனியாக வருவதில்லை. அதன் பின்னாலேயே சைட் வரும், லேஅவுட் வரும், கல்லூரி வரும், கம்பிவேலி வரும். கோடி கோடியாகச் செலவழித்து யானைக்குப் பாலம் கட்டிவிட்டு, அதன் வாயிலேயே வீட்டுமனைக்கு அனுமதி கொடுத்தால் பாலம் எதற்கு? நெடுஞ்சாலைத் துறையின் வரைபடம் ஒரு மேசையில், நகர் ஊரமைப்புத் துறையின் வரைபடம் வேறு மேசையில், வனத்துறையின் வரைபடம் எங்கோ பீரோவில் என்று இருந்தால் இதுதான் நடக்கும். மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் கோட்டையே போட வேண்டும்.

மதுக்கரையில் தொடங்கி நரசிம்மநாயக்கன்பாளையம் வரை, மலையடிவாரத்தை ஒட்டிக் கோவைக்கு மேற்குப் புறவழிச்சாலை வருகிறது. அந்தப் பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் ஊரில் யானை எந்தப் பள்ளத்தில் இறங்கும், எந்தத் தோட்டத்து ஓரமாகத் திரும்பும், எந்த மாதத்தில் வரும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அதை எழுதி, இடத்தைக் குறித்து, ஊராட்சித் தீர்மானமாகவே ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். சாலையோர நிலங்கள் மனைகளாக மாறுவதற்குள் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.