அந்தப் பெடியன் ஏன் பொறுக்கவில்லை?

நடுவர் அவர்களே, சபையில் இருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, வணக்கம்.

குடிக்கும் தகப்பனின் பிள்ளை சுயகட்டுப்பாட்டை இழப்பது பரம்பரையாலா, வீட்டுச் சூழலாலா? இதுதான் இன்றைய வழக்கு. வீட்டுச் சூழலால்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் "விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். சரி, பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். குடிக்கு அடிமையாகும் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி பரம்பரையோடு வருவதாக இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை குடிக்கவில்லையே. அவனால் ஏன் பொறுத்திருக்க முடியவில்லை என்பதுதானே கேள்வி?

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. என் வகுப்பில் ஒரு பெடியன் இருந்தான். எதைக் கொடுத்தாலும் பறிப்பான். மற்றப் பிள்ளைகள் கைகழுவி வருமுன் அவனுடைய பிஸ்கட் முடிந்துவிடும். வரிசையில் நிற்கமாட்டான், கையும் நீளும். அவன் வீட்டு நிலைமை பிறகுதான் தெரிந்தது. சம்பள நாளில் "பின்னேரம் சப்பாத்து வாங்கித் தாறன்" என்று சொல்லிவிட்டுப் போகும் அப்பா, திரும்பும் வழியில் தவறணையில் இறங்கிவிடுவார். பிள்ளை இருட்டும்வரை படலையடியில் நிற்பான். சைக்கிள் வரும், அப்பா வெறியில் வருவார், சப்பாத்து வராது. அடுத்த நாள் வெறி முறிந்ததும் மனம் கேட்காமல் ஐந்நூறு ரூபாவைப் பிள்ளையின் கையில் வைப்பார். பின்னேரம் குடிக்கக் காசில்லாமல் அதையே திருப்பி வாங்கிக்கொண்டு போவார். அந்த வீட்டில் சேமித்த பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? உடனே செலவழித்த நாளில்தான் அவனுக்கு ஒரு ஐஸ்கிரீமாவது கிடைத்தது.

2013 இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. மூன்று முதல் ஐந்து வயதுவரையான 28 பிள்ளைகள். முதலில் நல்ல கலர் கிரேயோன், பிறகு நல்ல ஸ்டிக்கர் என்று இரண்டு தடவை, கொண்டுவருகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள், மற்றவர்களிடம் இரண்டு தடவையும் வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு ஓர் இனிப்பை வைத்து, 15 நிமிடம் பொறுத்தால் இரண்டாவதும் தருவோம் என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் முழு நேரமும் பொறுத்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேரில் ஒரே ஒரு பிள்ளை. குலுக்கிப் பிரித்த பிள்ளைகள் நடுவர் அவர்களே, இதில் பரம்பரை எங்கே வந்தது? முன்பின் தெரியாத ஒருவர் இரண்டே இரண்டு தடவை ஏமாற்றியதற்கே இப்படி என்றால், பெற்ற அப்பா வருடக்கணக்காக ஏமாற்றினால்?

தாய்மாரையும் நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவின் பஃபலோ நகரில் இப்படியான குடும்பங்களைப் பல வருடம் பின்தொடர்ந்தவர்கள், குடி இருக்கும் வீட்டில் தாய் பிள்ளையிடம் காட்டும் கனிவும் குறைந்துபோவதையும், அந்த வழியாகப் பிள்ளையின் கட்டுப்பாடு தளர்வதையும் கண்டார்கள். இரவெல்லாம் பயந்து விழித்திருந்தவள் காலையில் எந்தக் கனிவைக் காட்டுவாள்?

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெடியனிடம், "திங்கள் உனக்கு கலர் பென்சில் கொண்டுவருவன்" என்றேன். திங்கள் கொண்டுபோனேன். அப்புறம் வாரா வாரம் சின்னதாக ஒன்று சொல்வேன், சொன்னதைச் செய்வேன். மூன்றாம் தவணையில் ஒருநாள், பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனான். அப்பா அப்போதும் குடித்துக்கொண்டுதான் இருந்தார். உடம்பில் ஓடியதும் அதே இரத்தம்தான். மாறியது எது என்று எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இந்தச் சபைக்குச் சொல்லட்டும்.