அமரில்லிஸ்ல இலை மட்டும்தான் வருது, பூ வரல… ஏன்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி சென்னையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. "ஆன்லைன்ல ஹாலந்து அமரில்லிஸ் கிழங்கு வாங்கினேன். அந்த வருஷம் நாலு பூ பூத்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா இலை மட்டும்தான். 12 இன்ச் தொட்டியில, பால்கனி நிழல்ல வச்சிருக்கேன். பக்கத்துல குட்டிக் கிழங்கு நிறைய வருது, பிரிக்கலாமா?"

முதல்ல ஒண்ணு சொல்லிடறேங்க. வாங்கின வருஷம் பூத்தது உங்க தொட்டியில உருவான பூ இல்ல. அந்த மொட்டு ஹாலந்துலயே கிழங்குக்குள்ள உருவாகி, அப்படியே உங்ககிட்ட வந்தது. தண்ணி ஊத்தினீங்க, வெளிய வந்துச்சு. இந்தச் செடி ஏறக்குறைய நாலு இலைக்கு ஒரு பூத்தண்டுன்னு உள்ளயே மொட்டு கட்டும். அது வெளிய வர கிட்டத்தட்ட ஒரு வருஷமாவது ஆகும். அதனால இப்போ இலை எவ்வளவு சாப்பாடு செய்யுதோ, அதுதான் அடுத்த வருஷப் பூ. நிழல்ல இலை நீளமா, தொங்கிப்போய் வளரும், கிழங்கு இளைச்சுக்கிட்டே போகும். உள்ள கட்டின மொட்டும் காய்ஞ்சிடும்.

ஒரு நூலை எடுத்து கிழங்கோட வயித்தைச் சுத்தி அளந்து பாருங்க. ஹாலந்து ரகம்னா 20 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா பூ வர்றது கஷ்டம். 24, 26 இருந்தா ஒரு தண்டாவது வரும். நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு இருக்குற ஆரஞ்சு சிவப்பு ரகத்துக்கு இந்தக் கணக்கு வேண்டாம், அது சின்னக் கிழங்குலயே பூக்கும்.

அடுத்து தொட்டி. ஒரு கிழங்குக்கு 12 இன்ச் ரொம்பப் பெருசு. வேர் போகாத மண்ணுல ஈரம் தேங்கி நிக்கும், கிழங்கோட அடி அழுகும். கிழங்கைச் சுத்தி ரெண்டு விரல் இடம் போதும், அதாவது 6 அல்லது 7 இன்ச் தொட்டி. ஆழம் இருக்கணும், அடியில ஓட்டை இருக்கணும். செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) அள்ளிப் போடாதீங்க, மழைக்காலத்துல அது ஈரத்தை விடாது. வைக்கும்போது கழுத்தும் தோளும் வெளிய தெரியணும், மூணுல ஒரு பங்காவது மண்ணுக்கு மேல. வெங்காயம் மாதிரி முழுசா புதைக்கிறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு.

வெயில்: காலையில நாலு மணி நேரமாவது நேரா படணும். ஏப்ரல், மே மதிய வெயில்ல மட்டும் பச்சை வலைக்குக் கீழ வைங்க, இல்லன்னா இலை கருகும்.

பூத்து முடிஞ்சதும் காய் கட்ட விடாம பூவை மட்டும் கிள்ளிடுங்க. தண்டு பச்சையா இருக்குற வரைக்கும் இருக்கட்டும். அப்போ ஆரம்பிச்சு 15 நாளைக்கு ஒரு தடவை 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்குறது), லிட்டர் தண்ணிக்கு 2 கிராம். ஆகஸ்டுக்கு மேல தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைச்சு சாம்பல் சத்து (பொட்டாஷ்) கொடுங்க. செப்டம்பரோட உரத்தை நிறுத்திடுங்க.

சென்னைக்காரங்களுக்கு முக்கியமான கண்டம் ஐப்பசி, கார்த்திகை மழை. தொட்டியை மழை படாத இடத்துக்கு மாத்துங்க. இடம் இல்லன்னா தொட்டியைப் பக்கவாட்டுல படுக்க வச்சிடுங்க, அது போதும். டிசம்பர்ல இருந்து 8, 10 வாரம் தண்ணியே வேண்டாம். இலை தானா மஞ்சளாகி விழட்டும். விழாம பச்சையா நின்னாலும் பரவாயில்ல, வெட்டாதீங்க. பிப்ரவரி கடைசியில மேல் மண்ணை ரெண்டு இன்ச் சுரண்டிட்டு புது உரக்கலவை போட்டு, ஒரு தடவை நல்லா தண்ணி விடுங்க. முளை தெரியுற வரைக்கும் அடுத்த தண்ணி கொஞ்சமாத்தான். கழுத்துக்குள்ள ஊத்தாம ஓரமா ஊத்துங்க.

இலையைக் கடிச்ச மாதிரி இருந்தா அது லில்லி புழு. கருப்புல வெள்ளைப் புள்ளி இருக்கும், கூட்டமா வரும், ஒரே ராத்திரியில செடியை மொட்டையாக்கிட்டு கிழங்குக்குள்ளயும் இறங்கும். இலைக்கு அடியில முட்டைக் கூட்டம் இருக்கான்னு பார்த்து நசுக்கிடுங்க. கிழங்குலயும் தண்டுலயும் சிவப்புக் கோடு, சிவப்புப் புண் வந்தா அது பூஞ்சை. பாதிச்ச செதிலை (வெங்காயத்துல இருக்குற மாதிரி அடுக்கு) உரிச்சு எடுத்துட்டு, ஒரு நாள் நிழல்ல உலர்த்தி, புது மண்ணுல வைங்க. இலைக்கு மேல தண்ணி தெளிக்கிறதை விடுங்க.

இப்போ குட்டிக் கிழங்கு. தாய் பூக்கணும்னா பிரிக்கிறது நல்லதுதான், ஆனா எலுமிச்சம்பழம் அளவு வந்து, தனி வேர் விட்ட பிறகு. நேரம் பிப்ரவரி, மண்ணு மாத்தும்போதே. கத்தி வேண்டாம், கையால திருகினா வந்துடும். கத்திதான்னா ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்ல துடைங்க, இலையில மஞ்சள் கோடு விழுற வைரஸ் கத்தி வழியாவும் பரவும். குட்டி பூக்க ரெண்டு, மூணு வருஷம் ஆகும். வீட்டுல நாய், பூனை இருந்தா பிரிச்ச கிழங்கைத் தரையில போட்டு வைக்காதீங்க, அது அதுங்களுக்கு விஷம்.