பைண்டு செய்த தொடர்கதை

நேயர்களுக்கு வணக்கம். சிறுவயதில் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய புத்தகம் என்றால் பாடப்புத்தகம் மட்டும்தான். கதைப் புத்தகம் எல்லாம் வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்துச் சேர்த்து பைண்டு செய்தவை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்றிரண்டு இருந்திருக்கும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. வீடே படித்து முடித்த பிறகு பின்னைக் கழற்றி, தாள்களை எடுத்து, வரிசையாக அடுக்கி வைத்தவர் பெரியம்மா. வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது. காலிகோ துணி, மைதாப் பசை, பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம். ஓரம் வெட்டும்போது பைண்டர் கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டால் போச்சு, வரிக்கு ஓர் எழுத்து குறையும். 'வந்தியத்தேவ' என்று நிற்கும். மிச்சத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த மறுபக்கங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அத்தியாயம் முடிகிற தாளைத் திருப்பினால் பாதி சமையல் குறிப்பு, காப்பிப்பொடி விளம்பரம், தலையில்லாத ஒரு கட்டுரை. நந்தினி சதி செய்து முடித்த கையோடு ரவையை வறுக்கச் சொல்வார்கள்! அந்தக் காலத்தை எனக்குக் காட்டியது அந்த மறுபக்கங்கள்தான். பிற்பாடு வந்த மலிவுப் பதிப்புகளில் அது கிடையாது. பலவற்றில், தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த படங்களும் கிடையாது.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. அதே கதை கல்கியில் மறுபடி தொடராக வந்தபோது வினு வரைந்தார். எங்கள் வீடு மணியம் கட்சி, எதிர்வீடு வினு கட்சி. குந்தவையின் கொண்டையைப் பற்றித் திண்ணையில் நடந்த வாக்குவாதத்தை இங்கே சொன்னால் நிகழ்ச்சி முடியாது. இருந்தாலும் சொல்கிறேன், மணியத்தின் கொண்டைதான் கொண்டை.

அம்புலிமாமாவையும் வேதாளத்தையும் பற்றிக் குறித்து வைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. அதில் வந்த இரும்புக்கை மாயாவி படக்கதையையும் பைண்டு செய்யலாமா என்று கேட்டதற்கு, "பொம்மைப் புத்தகத்துக்கு பைண்டு ஒண்ணுதான் குறைச்சலா?" என்றார் பெரியம்மா. அவ்வளவும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயிற்று. இன்று அந்த இதழ்களை நல்ல விலை கொடுத்துத் தேடுகிறார்கள். நன்றி, வணக்கம்.