சிங்கத்தைச் சுட்டவர் பெயர் தெரியும், சுமந்தவர் பெயர்?

நேயர்களுக்கு வணக்கம். ஆப்பிரிக்க சஃபாரி என்றால் சிங்கத்தையும் யானையையும்தான் எல்லாரும் பேசுவார்கள். அந்தப் பயணத்துக்கு ஆளும் அரிசியும் கூடாரமும் சேர்த்துக் கொடுத்த கம்பெனியைப் பற்றி இன்று நான் பேசுகிறேன்.

1904-ல் இன்றைய கென்யாவின் நைரோபியில் விக்டர் நியூலேண்ட், லெஸ்லி டார்ல்டன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். நிலம் வாங்கி விற்பது, ஏலம் விடுவது எல்லாம்தான் முதலில் தொழில். மொம்பாசா துறைமுகத்திலிருந்து ரயில் வந்துவிட்டதால் ஐரோப்பாவின் பணக்காரர்கள் வேட்டைக்கு வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். துப்பாக்கியைத் தவிர அவர்களிடம் ஒன்றும் இருக்காது. மீதி எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நியூலேண்ட் டார்ல்டன் சொன்னது. கூடாரம், மருந்து, சமையல்காரர், வழிகாட்டி, சாப்பாட்டுச் சாமான் அடைத்துப் பூட்டிய மரப்பெட்டிகள், எல்லாமே அவர்கள் பொறுப்பு.

இதையெல்லாம் சுமந்தது யார்? மனிதர்கள்தான். செட்சி ஈ கடித்தால் குதிரையும் மாடும் செத்துவிடும் என்பதால் பல பகுதிகளில் வண்டி கட்ட வழியில்லை, எனவே ஒவ்வொரு மூட்டையும் ஒரு ஆளின் தலையில் ஏறியது, தலைக்கு 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ. யானைத் தந்த வியாபாரக் காலத்திலிருந்தே கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் சுமை தூக்கி நடந்த நியாம்வெசி, சுவாஹிலி மக்களின் அனுபவம் இல்லாமல் இந்தக் கம்பெனியே இல்லை என்பேன்.

1909-ல் வந்தார் தியடோர் ரூஸ்வெல்ட். அமெரிக்க அதிபர் பதவியை விட்டு இறங்கிய கையோடு, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு விலங்குகள் சேகரிக்கிறேன் என்று மகன் கெர்மிட்டோடு கிளம்பிவிட்டார். ஏற்பாடு முழுக்க நியூலேண்ட் டார்ல்டன். இருநூறுக்கும் மேற்பட்ட சுமையாட்கள், தோலைப் பதப்படுத்த மட்டும் நான்கு டன் உப்பு, போதாததற்குப் பன்றித்தோல் அட்டை போட்ட புத்தகங்கள் நிரம்பிய ஒரு பெட்டி, அதுவும் ஒருவர் தலையில்தான். அப்பாவும் மகனும் சுட்டது 512 விலங்குகள், அதில் 17 சிங்கம், 11 யானை, 20 காண்டாமிருகம். இந்தப் பயணத்துக்குப் பிறகு கம்பெனியின் பெயர் உலகெங்கும் பரவியது.

அந்தக் காலத்தில் அங்கே புழங்கியது இந்திய ரூபாய்தான், அதனால் கணக்கு நமக்குச் சட்டென்று புரியும். வெளிநாட்டு வேட்டைக்காரரின் உரிமக் கட்டணம் 750 ரூபாய். சுமையாளின் மாதச் சம்பளம் 10 ரூபாய் வாக்கில். ஒருவர் ஆறு வருஷம் சுமை தூக்கினாலும் அந்த உரிமக் காசு சேராது! இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தன் துப்பாக்கியைச் சுமந்து வந்த முகமது, பக்காரி போன்ற ஒருசிலரின் பெயரை ரூஸ்வெல்ட் எழுதிவைத்தார், அது நல்ல விஷயம். மற்ற இருநூறு சொச்சம் பேர் வெறும் எண்ணிக்கையாகவே நின்றுவிட்டார்கள்.

முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தக் கம்பெனி மூடப்பட்டது, சஃபாரிலேண்ட் என்ற நிறுவனம் அதன் இடத்துக்கு வந்தது. கார் வந்தது, லாரி வந்தது, தலைச்சுமை குறைந்தது. 1934-ல் விருந்தாளிகளை வேட்டைக்கு அழைத்துப் போகும் தொழில்முறை வேட்டைக்காரர்கள் நைரோபியில் சங்கம் வைத்தார்கள். அந்த வேலைக்கு 'வெள்ளை வேட்டைக்காரர்' என்றே பெயர். தடம் பார்த்து யானையைக் கண்டுபிடித்துக் கொடுத்த ஆப்பிரிக்கர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் உதவியாளர்தான்.

அப்புறம் 1946-ல் டொனால்ட் கெர், சிட் டவுனி இருவரும் சேர்ந்து கெர் அண்ட் டவுனி என்ற சஃபாரி கம்பெனியைத் தொடங்கினார்கள். 1977-ல் கென்யா அரசு வேட்டையை முற்றிலும் தடைசெய்தது, சங்கமும் கலைந்தது. வேட்டைக்காரர்கள் சிலர் போட்ஸ்வானா, தான்சானியா பக்கம் போனார்கள், தங்கியவர்கள் கேமராவோடு படம் பிடிக்க வரும் விருந்தாளிகளை நம்பிப் பிழைத்தார்கள். வனவிலங்குகளுக்கு இது நல்ல முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1996-ல் கென்யாவில் சஃபாரி வழிகாட்டிகளுக்கென்று ஒரு சங்கம் உருவாகி, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகளில் தேர்வு வைக்கிறது. பறவை, மரம், பாலூட்டி, மக்களின் வழக்கம் எல்லாம் படித்துத்தான் ஒவ்வொரு படியும் ஏற வேண்டும். இன்று அந்தத் தேர்வுகளை எழுதி, தங்கள் பெயரிலேயே சான்றிதழ் வாங்கி வண்டியில் முன்னால் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கென்ய மண்ணின் பிள்ளைகள். நன்றி, வணக்கம்.