எடை குறையவில்லை என்று நடையை நிறுத்தலாமா?

(காட்சி: திருநெல்வேலி பக்கம் முக்கூடலில் ஒரு வீட்டு முற்றம். மடியில் சுளகு, அதில் பீடி இலை, தூள், நூல். கைகள் மட்டும் தெரிகின்றன.)

வணக்கம். நீங்கள் பார்க்கிற இந்தக் கைகள் என் அத்தையுடையவை. வெட்டிய இலையை இடது கையில் எடுத்து, தூளைக் கிள்ளி வைத்து, ஒரு உருட்டு உருட்டி, நூலைச் சுற்றி, தலையை மடக்கி முடிக்க அரை நிமிடம் ஆகிறது. முப்பது வருடப் பழக்கம். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. விரல்கள் ஓய்வதே இல்லை. ஆனால் கொஞ்சம் கீழே பாருங்கள். மடக்கி வைத்த கால்கள் காலையிலிருந்து அப்படியேதான் இருக்கின்றன.

அத்தைக்கு 50 வயது. சர்க்கரை இருக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னார். தினமும் காலையில் ஆற்றங்கரை வரை அரை மணி நேரம் நடந்தார்கள். மூன்று மாதம் ஒரு நாள்கூட விடவில்லை. அப்புறம் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன்.

"மூணு மாசம் நடந்தாச்சு. மெஷின்ல ஏறுனா அதே அறுபத்திரெண்டுதான் காட்டுது. அந்த நேரத்துல ரெண்டு கட்டு பீடி சுத்தியிருப்பேன்லா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அத்தை சொன்ன கணக்கில் தப்பும் இல்லை. இதே கணக்கைப் போட்டுத்தான் ஊரில் எத்தனையோ பேர் நடையை விட்டுவிடுகிறார்கள். அதனால் முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

(காட்சி: அடுப்பில் ஒரு பெரிய பானை. தண்ணீர் கொதிக்கிறது.)

ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அதுதான் சாப்பாட்டில் நாம் சொல்கிற ஒரு கலோரி. புத்தகத்தில் அதைக் கிலோகலோரி என்று எழுதுவார்கள். அத்தையின் வயது, உயரம், எடை மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால், அவர்கள் நாள் முழுக்கப் பாயில் அசையாமல் படுத்திருந்தாலும் உடம்பு சுமார் 1,150 கலோரி செலவழிக்கும். ஒரு குடம், அதாவது 15 லிட்டர் தண்ணீரை, 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அதுவே ஏறக்குறையப் போதும். சும்மா படுத்திருக்கிற மனுஷி தினமும் ஒரு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாள்!

அந்தச் சக்தி எங்கே போகிறது? மூளை, கல்லீரல், இதயம், சிறுநீரகம். இவை எல்லாம் சேர்ந்தாலும் உடம்பு எடையில் 5, 6 சதவீதம்தான். ஆனால் ஓய்வுநேரச் செலவில் பாதிக்கு மேல் இவற்றுக்கே போய்விடுகிறது. மூளை மட்டுமே ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நாம் தூங்கும்போதும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளின் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு இப்படித்தான் போகிறது. சாப்பிட்டதைச் செரிக்க ஒரு 10 சதவீதம். நடப்பது, துவைப்பது, கடைக்குப் போவது எல்லாம் மீதியில் வருகிறது.

சரி, அத்தையின் அரை மணி நடைக்கு வருவோம். 62 கிலோ எடை, சாதாரண வேகம். உட்கார்ந்திருந்தாலும் ஆகிற செலவைக் கழித்துவிட்டால், நடையால் கூடுதலாக ஆனது சுமார் 70 கலோரி. பாலும் இரண்டு ஸ்பூன் சீனியும் போட்ட ஒரு காபி 100 கலோரி வரும். நடந்து வந்த களைப்புக்கு அத்தை குடித்தது அந்தக் காபியைத்தான்.

காபியே குடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 90 நாளுக்கு 6,300 கலோரி. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். ஆக, மூன்று மாதம் விடாமல் நடந்ததற்கு ஒரு கிலோகூட வராது. நடந்தால் பசியும் கொஞ்சம் கூடும். மெஷின் முள் அசையாததில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2012-ல் ஹெர்மன் பான்ட்சர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தான்சானியாவில் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களின் அன்றாடச் சக்திச் செலவை அளந்தார்கள். அவர்கள் நாள் முழுக்க நடக்கிறவர்கள். ஆனாலும் உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நகரவாசிகளைவிட அவர்களுக்குப் பெரிதாகக் கூடவில்லை. ஒரு பக்கம் செலவு கூடினால் உடம்பு இன்னொரு பக்கம் சிக்கனம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். எடையைக் குறைப்பதில் தட்டுக்குத்தான் பெரிய பங்கு, காலுக்குச் சின்னப் பங்கு.

"முப்பது தாண்டினால் உடம்பு எரிப்பது குறைந்துவிடும், அதான் தொப்பை" என்றும் ஒரு பேச்சு உண்டு. 2021-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், உடல் அளவைக் கழித்துப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வயது வரை அது ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருந்தது. வயதின் மேல் பழி போட வேண்டாம்.

அப்படியென்றால் நடப்பது எதற்கு? நான் இந்த வீடியோ எடுத்ததே இனிமேல் வருவதைச் சொல்லத்தான்.

(காட்சி: ஆனித் தேரோட்டம். நெல்லையப்பர் தேரின் வடம். பிடித்திருக்கும் கைகள்.)

ஆனி மாதம் டவுன் ரதவீதியில் வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும். சத்தம் கொடுத்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரே இழுப்பு. தேர் அசைகிற வரைக்கும் மூச்சுகூட விடுவதில்லை. அந்த நேரத்தில் தசைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்த விஷயம் முழுக்க விளங்கிவிடும்.

தசை நேரடியாகச் செலவழிக்கிற காசுக்கு ஏ.டி.பி. என்று பெயர். சோறு, அல்வா, சொதி எதுவானாலும் கடைசியில் இந்தக் காசாக மாறினால்தான் தசை வாங்கிக்கொள்ளும். அதுவும் மடியில் முடிந்து வைத்த சில்லறை அளவுதான் கையிருப்பு. ஒன்றிரண்டு நொடியில் தீர்ந்துவிடும். உடனே கிரியேட்டின் பாஸ்பேட் என்ற இன்னொரு பொருள் அதை நிரப்புகிறது. அது ஒரு பத்து நொடி தாங்கும். முதல் இழுப்பு முழுக்க இதில்தான் ஓடுகிறது.

தேர் உருள ஆரம்பித்து இழுப்பு தொடர்ந்தால், தசை தனக்குள் சேர்த்து வைத்த சர்க்கரையை எடுக்கும். அதற்குக் கிளைக்கோஜன் என்று பெயர். ஒருவரின் தசைகள் எல்லாவற்றிலும் சேர்த்து சுமார் 400 கிராம், கல்லீரலில் ஒரு 100 கிராம் இருக்கும். வாகையடி முக்கு வரைக்கும் நிதானமாகத் தொடர்ந்து இழுத்தால் மூச்சும் நாடியும் ஏறி, ஆக்சிஜனை வைத்துச் சர்க்கரையையும் கொழுப்பையும் சேர்த்து எரிக்கும்.

தசை தன் கையிருப்பைச் செலவழித்துவிட்டால் திரும்ப நிரப்பியாக வேண்டும். எங்கிருந்து? ரத்தத்திலிருந்து. அத்தையின் கதை இங்கேதான் திரும்புகிறது.

சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அதை உள்ளே வாங்க தசைச் செல்லில் கதவுகள் உண்டு. சாதாரணமாக அந்தக் கதவுகளைத் திறக்கச் சொல்வது இன்சுலின். சர்க்கரை நோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இன்சுலின் எவ்வளவு தட்டினாலும் கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரிகிறபோது, இன்சுலினுக்குக் காத்திருக்காமல், வேறொரு வழியாக அதே கதவுகள் திறக்கின்றன! வாசலில் மணியடித்தும் யாரும் வராத வீட்டில் உள்ளே இருப்பவரே எழுந்து வந்து கதவைத் திறக்கிற மாதிரி. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. விரல் ஆயிரம் தடவை அசைந்தாலும், தொடை பத்து நிமிடம் நடக்கிறதற்கு ஈடாகாது.

இதன் பலன் நடந்த நேரத்தோடு முடிவதில்லை. அடுத்த ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை இன்சுலின் பேச்சைத் தசை கொஞ்சம் நன்றாகவே கேட்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடையை விட வேண்டாம் என்று சர்க்கரை டாக்டர்கள் சொல்கிறார்கள்.

(காட்சி: மஞ்சப்பை. உள்ளே மடித்து வைத்த இரண்டு ரிப்போர்ட்டுகள்.)

அன்றைக்கு அத்தையிடம் ரிப்போர்ட்டைக் கேட்டேன். மஞ்சப்பையில் மருந்துச்சீட்டுக்கு நடுவே இரண்டு தாள் இருந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அந்த எச்பிஏ1சி, நடக்க ஆரம்பிக்கும் முன் 8.1. மூன்று மாதம் கழித்து 7.5. மாத்திரையை மாற்றவே இல்லை. எடை அதே 62. அத்தை மெஷினில் ஏறிப் பார்த்தார்களே தவிர, இந்தத் தாளை யாரும் அவர்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிடைத்த பலனை ஒரு பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டார்கள்.

(காட்சி: டவுனிலிருந்து ஜங்ஷன் போகும் பஸ். உள்ளே கூட்டத்தில் புகுந்து வரும் கண்டக்டர்.)

சர்க்கரை மட்டும் இல்லை, இதயமும் இருக்கிறது. 1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பஸ், ஒரே கம்பெனி, ஒரே ஊர். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. தபால் கொண்டுபோய்க் கொடுப்பவர்களையும் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களையும் ஒப்பிட்டபோதும் அதே கதைதான்.

டிரைவர்கள் முதலிலேயே குண்டானவர்களாக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். மாரிஸ் அதையும் விடவில்லை. சீருடைக் கால்சட்டையின் இடுப்பளவைத் தேடி எடுத்துப் பார்த்தார். டிரைவர்களுக்கு இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரித்துப் பார்த்தபோதும் கண்டக்டர்கள் பக்கமே ஆபத்து குறைவாக இருந்தது. உடம்பின் அளவு என்னவாக இருந்தாலும் அசைவுக்குத் தனியாக ஒரு பலன் உண்டு. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடி, குழாயின் உட்சுவரை உரசுகிறது. அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடை விடுகிறது, குழாய் விரிகிறது. இது நாள்தோறும் நடந்தால் ரத்த அழுத்தம் மெல்ல இறங்கும். இதயமும் ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தம் தள்ளப் பழகிக்கொள்ளும். எடை மெஷினில் இது எதுவும் தெரியாது.

(காட்சி: தேரிக்காடு. பனைமரம். ஏறிக்கொண்டிருக்கும் ஒருவர்.)

இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. திருச்செந்தூர் பக்கம் பனையேறிகளைப் பார்த்திருப்பீர்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 மீட்டர் மரம் ஏறினால், உடம்பைத் தூக்குகிற வேலை மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை கலோரி. ஆனால் தசை தான் எரிப்பதில் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி எல்லாம் சூடு. ஆக ஒரு மரத்துக்கு 6 கலோரி. 40 மரம் என்றால், ஏறுவதற்கு மட்டும் 240. அந்த முக்கால் பங்குச் சூட்டை வெளியேற்றத்தான் அப்படி வியர்க்கிறது. வியர்வை கொழுப்பு உருகி வருவது இல்லை. கொழுப்பு எரிந்தால் அதில் பெரும்பகுதி கரியமில வாயுவாக மூச்சில் போகிறது. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ மூச்சில், மீதி தண்ணீராக. அதனால் சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓட வேண்டாம். நம் ஊரில் அது ஆபத்து. அந்த மாதங்களில் ஏழு மணிக்கு முன்னால் நடந்து முடித்துவிடுங்கள்.

எவ்வளவு நடக்கலாம்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வலு தருகிற ஏதாவது ஒன்று. அதற்கு ஜிம் வேண்டாம். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் சுவரைப் பிடிக்கிற ஆச்சிகளுக்குக் குறைந்துபோனது பெரும்பாலும் தொடைத் தசைதான். வயதானாலும் அதை வளர்க்க முடியும்.

வ.உ.சி. மைதானத்தில் காலையில் ஐந்து சுற்று நடந்துவிட்டு மீதி நாளெல்லாம் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. காலை நடை நல்லதுதான், விடாதீர்கள். கூடவே, சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடந்து பாருங்கள். சர்க்கரை உச்சத்துக்குப் போவது சாப்பிட்டு ஒரு மணி நேரத்தை ஒட்டி. அந்த நேரத்தில் தொடை வேலை செய்தால் ஏற்றம் மட்டுப்படும்.

கவனமாக இருக்க வேண்டியவர்களும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் நடக்கும்போது சர்க்கரை ரொம்ப இறங்கலாம். கையில் குளுக்கோஸோ சீனியோ வைத்துக்கொள்ளுங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. முள் குத்தினாலும் தெரியாது. நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அங்கேயே நின்று உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

(காட்சி: முக்கூடல், இரவு. தெருவிளக்கு. மூன்று பெண்கள் பேசிக்கொண்டே நடக்கிறார்கள்.)

அத்தையிடம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எட்டு ஒன்று, ஏழரை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"இத மொதல்லயே சொல்லப்பிடாதாலே?"

இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரோடு கோயில் வரை போய்த் திரும்புகிறார்கள். தனியாகப் போனால் நாய் துரத்துகிறதாம். பகலில் நான்கு கட்டு பீடி முடிந்ததும் சுளகை இறக்கி வைத்துவிட்டு, பின்கட்டுப் பானை வரைக்கும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருகிறார்கள்.