பிரிவுக்குப் பின் கையில் எஞ்சும் பொருள்கள்

அவையோர் அனைவர்க்கும் வணக்கம்.

காதல் முறிந்து நிற்பவரிடம் நாம் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒரு கட்டளையாகவே இருக்கிறது: "கொடுத்ததையெல்லாம் தூக்கிப் போடு, மறந்துவிடு." வீட்டில் ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் காரியம் வரை உறவினர் வந்து போவார்கள், காதல் பிரிவுக்கோ சடங்கும் இல்லை, துக்கம் கேட்க வருவோரும் இல்லை. அந்தக் குறையை உணர்ந்து செயல்பட்ட இருவரைப் பற்றி முதலில் பேச விரும்புகிறேன்.

குரோஷியாவின் தலைநகரான சாக்ரெப்பில் திரைப்படத் தயாரிப்பாளர் ஒலிங்கா விஷ்டிட்சாவும் கலைஞர் டிராஜென் குரூபிஷிச்சும் நான்காண்டுக் காதலுக்குப் பின் பிரிந்தபோது, சேர்ந்து வாழ்ந்த காலத்துப் பொருள்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அவற்றுள் ஒன்று, சாவி கொடுத்தால் ஓடும் முயல் பொம்மை. இருவரில் யார் தனியாகப் பயணம் போனாலும் முயலும் உடன் போகும் என்பது அவர்களுக்குள் இருந்த வழக்கம். அதை எறியவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. பிரிந்த பிறரிடமும் பொருள்களைக் கேட்டுப் பெற்று 2006-இல் அவர்கள் நடத்திய கண்காட்சி, 2010-இல் 'முறிந்த உறவுகளின் அருங்காட்சியகம்' என்ற பெயரில் அந்நகரிலேயே நிலைபெற்றது.

அங்கே ஒவ்வொரு பொருளின் அருகிலும் கொடுத்தவர் எழுதிய கதை இருக்கும், பெயர் இருக்காது. பெர்லினிலிருந்து வந்த கோடரி ஒன்றின் கதை பலருக்குத் தெரிந்தது: விட்டுப் பிரிந்த காதலியின் மரச்சாமான்களை நாளுக்கு ஒன்றாகப் பிளந்த கோடரி அது. பிளந்ததால்தான் அந்த மனம் ஆறியது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடந்ததை எழுதி, கோடரியையும் முன்பின் அறியாதவர்களின் பார்வைக்கு ஒப்படைத்த செயலில்தான் ஆறுதல் இருப்பதாக நினைக்கிறேன். எரித்துவிட்ட கடிதத்துக்கு அந்த வாய்ப்பே இல்லை.

பொருளைப் பார்த்தால் வலிக்கிறது என்பது வெறும் பேச்சன்று. அண்மையில் தம் விருப்பமின்றிப் பிரிய நேர்ந்த 40 பேரிடம் உளவியலாளர் ஈதன் குரோசும் அவருடைய குழுவினரும் ஆய்வு செய்து 2011-இல் வெளியிட்டனர். பிரிந்தவரின் படத்தைப் பார்த்தபடி அந்தப் பிரிவை நினைத்தபோது, முன்கையில் வலிக்கும் அளவு வெப்பம் பட்டால் தூண்டப்படும் மூளைப் பகுதிகள் சிலவும் தூண்டப்பட்டன. ஆகவே, நினைவுப் பொருளைப் பாதுகாக்கச் சொல்லும் நான் அதைத் தலையணைக்கு அருகில் வைக்கச் சொல்லமாட்டேன். பெட்டியில் இட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதி, கேள்வி கேட்காமல் திருப்பிக் கொடுக்கக்கூடிய ஒரு தோழியிடமோ அண்ணனிடமோ ஒப்படையுங்கள். கைபேசியிலுள்ள படங்கள் இன்னும் கொடியவை. பெட்டி நாம் திறந்தால்தான் திறக்கும், கைபேசியோ 'இதே நாளில்' என்று தானாகவே பழைய முகத்தைக் கொண்டுவந்து நீட்டும். அவற்றையும் வேறிடத்துக்கு மாற்றி வைப்பது நல்லது.

பொருள்களை ஒப்படைத்த பின்னும் மனத்தில் ஓடும் எண்ணம் நிற்பதில்லை. இயற்கையிடம் போவதன் பயன் இங்கேதான் தெரிகிறது. பிரிந்த மனம் 'நான் அன்று அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால்' என்று ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப அரைக்கும். ஆய்வாளர் கிரெகரி பிராட்மன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஓக் மரங்கள் நின்ற புல்வெளியில் 90 நிமிடம் நடந்தவர்களிடம் இவ்வகை அரைப்பு குறைந்தது. போக்குவரத்து மிகுந்த சாலையோரம் நடந்தவர்களிடம் குறையவில்லை. அவர்கள் காதல் முறிந்தவர்கள் அல்லர், சிறிய ஆய்வும்கூட. ஆனாலும் நம் நெய்தல் திணைத் தலைவி கடலோடும் நண்டோடும் நாரையோடும் பேசியதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. அவை அவளுக்கு அறிவுரை சொல்வதில்லை. தன்னையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குப் பார்ப்பதற்கு வேறொன்றைத் தருகின்றன. கண்மாய்க்கரையோ கடற்கரையோ பூங்காவோ, அருகில் இருப்பது போதும். இருவரும் சேர்ந்து போகாத இடமாக இருந்தால் தொடக்கத்தில் இன்னும் எளிது.

நடந்தும் எழுதியும் தணியாமல் வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் கெட்டுப்போனாலோ, உயிர் வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினாலோ, இந்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.